மரியாதை விதியை உடைத்த முதல் மனு

புணேயிலிருந்து பழைய மும்பை சாலையில் செல்வோர், முலா நதியின் மீதுள்ள ஹாரிஸ் பாலத்தைக் கடந்ததும் வரும் முதல் ஊர் தாபோடி. பவனா நதி முலாவில் கலப்பது இந்த ஊரின் அருகேதான். ராணுவப் பொறியியல் கல்லூரியின் பரந்த வளாகம், புறநகர் ரயில் நிலையம், 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் ஆகியவை ஊரின் அடையாளங்கள். கடலுக்கும் இந்த ஊருக்கும் இடையே சஹ்யாத்ரி மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. இருப்பினும் கப்பல் கட்டணம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அதன் விளைவு தாபோடியைத் தொடாமல் போவதில்லை.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில் வட்டாரத்தின் நுழைவாயில் தாபோடி என்பதே இதற்குக் காரணம். இதைக் கடந்தால் பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ், ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ, சற்றுத் தள்ளி சாகணில் ஃபோக்ஸ்வேகன், மெர்சிடிஸ் பென்ஸ், மஹிந்திரா என மோட்டார் வாகன ஆலைகள் வரிசையாக அமைந்துள்ளன. இந்த ஆலைகளுக்குத் திருகாணி முதல் கியர் வரை செய்து கொடுக்கும் பட்டறைகள் ஏராளம். இங்கு உருவாகும் கார்கள் மலைச்சரிவில் இறங்கி மும்பைத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து மெக்சிகோ வரை சென்றுள்ளன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் கார்கள் சென்னை, எண்ணூர் துறைமுகங்களுக்குச் செல்வதைப் போன்றதே இது.

கார்களை வெளிநாட்டுக்கு ஏற்றிச் செல்வதற்கென்றே தனி வகைக் கப்பல்கள் உண்டு. பல அடுக்கு வாகன நிறுத்தத்தைக் கடலில் மிதக்கவிட்டது போன்ற தோற்றம் கொண்டவை. கார்களைச் சாய்தளம் வழியாக உள்ளே ஓட்டிச் சென்று நிறுத்திவிடுவார்கள். இத்தகைய கப்பல்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆகவே, ஏற்றுமதி செய்ய விரும்பும் ஆலை, கட்டணம் கேட்டுப் போய் நிற்கக்கூடிய வாசல்கள் சில மட்டுமே.

அந்தச் சில வாசல்களுக்குள்ளும் ஒரு மறைமுக ஏற்பாடு இருந்தது என்பதைத் தில்லியில் உள்ள இந்திய தொழில் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. நிப்பான் யூசன் (என்ஒய்கே லைன்), கவாசாகி கிசன் (கே லைன்), மிட்சுயி ஓ.எஸ்.கே. லைன்ஸ், நிசான் மோட்டார் கார் கேரியர் ஆகிய நான்கு ஜப்பானியக் கப்பல் நிறுவனங்கள், பல்வேறு கடல் வழிகளில் மோட்டார் வாகன உற்பத்தியாளர்களுக்கு அளித்த சேவையில் கூட்டுச்சதி செய்ததாக ஆணையம் தீர்மானித்தது. ஏற்கெனவே ஒரு கார் நிறுவனத்தின் சரக்கை ஏற்றி வரும் கப்பல் நிறுவனத்துடன் மற்றவை போட்டியிடக் கூடாது. அந்த வாடிக்கையாளரை அதற்கே விட்டுவிட வேண்டும் என்பதே அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மரியாதை விதி'.

பெயர் கண்ணியமாகத்தான் இருக்கிறது. ஆனால், கட்டண விவரங்கள் உள்ளிட்ட ரகசியத் தகவல்களைக் கூட்டங்களிலும் மின்னஞ்சல்களிலும் பரிமாறிக்கொண்டு, கட்டணத்தைக் குறைக்கக் கோரும் வாடிக்கையாளர்களுக்கு இணங்காமல் நிற்பதே அதன் நோக்கம் என்பது விசாரணையில் தெரிய வந்தது. என்ஒய்கே நிறுவனத்தில் 14 பேர், கே லைனில் 10 பேர், மிட்சுயியில் 6 பேர், நிசான் மோட்டார் கார் கேரியரில் 3 பேர் என 33 தனி நபர்களும் பொறுப்பாக்கப்பட்டனர்.

இரண்டு கப்பல், இரண்டு ஆலை: போட்டியாளர்கள் ஏன் ஒருவருக்கொருவர் 'மரியாதை' கொடுக்கிறார்கள், பின்னர் ஏன் காட்டிக் கொடுக்கிறார்கள் என்ற இரு கேள்விகளுக்கும் பொருளியலில் ஒரே விடைதான் உண்டு. அது ஆட்டக் கோட்பாடு. இந்தப் பெயர் சற்று ஏமாற்றக்கூடியது. மைதானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. என்னுடைய லாபம் என் முடிவை மட்டும் சார்ந்ததாக இல்லாமல் எதிராளியின் முடிவையும் சார்ந்திருக்கும்போது, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று ஆராயும் கணிதம் அது. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் 1944-இல் எழுதிய நூலில் உருப்பெற்ற இத்துறை, அமெரிக்க ராணுவத்துக்கான ஆய்வுகளை மேற்கொண்ட ராண்ட் நிறுவனத்தில் 1950-களில் வேகமாக வளர்ந்தது. தாபோடியின் ராணுவக் கல்லூரிக்கும் சந்தைக்கும் இடையே சாலை ஒன்றுதான் இருக்கிறது. இந்தக் கணிதம் போர்க்களத்திலிருந்து சந்தைக்கு வந்த தொலைவும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. இரண்டு கப்பல் நிறுவனங்கள். இரண்டு கார் ஆலைகள். ஆளுக்கு ஓர் ஆலையை வைத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் லாபம். ஒன்று மட்டும் கட்டணத்தைக் குறைத்து இரண்டு ஆலைகளையும் பிடித்துக்கொண்டால் அதற்கு 14 கோடி, மற்றதற்கு எதுவுமில்லை. இரண்டுமே குறைத்தால் தலா 4 கோடி.

இந்த ஆட்டம் ஒரே ஒரு முறை நடப்பதாக இருந்தால் முடிவு தெளிவானது. எதிராளி ஒதுங்கியிருந்தாலும் குறைப்பதே எனக்கு லாபம். அவர் குறைத்தாலும் நான் குறைப்பதே லாபம். இருவரும் குறைப்பார்கள், தலா 4 கோடியோடு திரும்புவார்கள். ஆலைகளுக்குக் கட்டணம் மிச்சமாகும். தனித்தனி அறைகளில் விசாரிக்கப்படும் இரண்டு கைதிகளின் கதையாக உலகெங்கும் வகுப்பறைகளில் சொல்லப்படுவது இதுவே.

ஆனால், கப்பல் ஒப்பந்தம் ஒரு முறையோடு முடிவதல்ல. அடுத்த ஆண்டும் அதே ஆலை, அதே ஒப்பந்தப்புள்ளி, அதே நான்கு பேர். இன்று ஏமாற்றினால் கூடுதலாகக் கிடைப்பது 4 கோடி. நாளை எதிராளி பதிலடி கொடுக்கத் தொடங்கினால் ஆண்டுதோறும் இழப்பது 6 கோடி. மீண்டும் மீண்டும் நடக்கும் ஆட்டத்தில், யாரும் வற்புறுத்தாமலேயே ஒத்துழைப்பு நிலைபெற முடியும் என்பதைக் கணிதமாக நிறுவியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஆமன். தாமஸ் ஷெல்லிங்குடன் அவர் 2005-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்ஸெல்ராட் நடத்திய கணினிப் போட்டியில், முதலில் நல்லபடியாக நடந்துகொண்டு, பிறகு எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் மிகச் சிறிய நிரல் வெற்றி பெற்றதும் இதே உண்மையைத்தான் உணர்த்தியது.

ஆட்கள் குறைவு; ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்துவிடும்; பதிலடி கொடுக்கக் கைவசம் கப்பல் இருக்கிறது; சந்திப்பு ஆண்டுதோறும் தொடரும். ரகசியக் கூட்டு நிலைப்பதற்கு இவ்வளவும் வேண்டும். கார் கப்பல் தொழிலில் இவை அனைத்தும் இருந்தன. நட்போ, நம்பிக்கையோ தேவைப்படவில்லை.

முந்தியவருக்கு மன்னிப்பு: அப்படியானால், இந்த ஏற்பாடு எவ்வாறு உடைந்தது? அதிகாரிகளின் துப்பறியும் திறமையைக் காட்டிலும், சட்டம் வைத்திருந்த ஒரு கணக்கே இதில் பெரும்பங்கு வகித்தது. கூட்டுச்சதியில் ஈடுபட்ட நிறுவனம் தானாக முன்வந்து முழு விவரங்களையும் அளித்தால், முதலில் வருபவருக்கு 100 சதவீதம் வரையிலும், இரண்டாவதாக வருபவருக்கு 50 சதவீதம் வரையிலும், மூன்றாமவருக்கு 30 சதவீதம் வரையிலும் அபராதத்தைக் குறைக்கலாம் என்பது 2009-இல் வகுக்கப்பட்ட விதி. மறுபுறம், பிடிபட்டால் கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப்போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

இங்குதான் கைதிகளின் கதை மீண்டும் நுழைகிறது. இம்முறை வாடிக்கையாளரின் பக்கம் நின்று. ரகசியம் காக்கப்படும் வரை நான்கு பேருக்கும் லாபம். ஆனால், நால்வரில் ஒருவர் ஆணையத்தின் படியேறிவிட்டால் மற்ற மூவர் மாட்டிக்கொள்வார்கள். 'அவர் முந்திக்கொண்டால்?' என்ற ஒற்றை ஐயமே போதும். ஆதாரம் ஆணையத்திடம் இருக்கிறதா என்பதுகூட இரண்டாம்பட்சம்தான்.

நடந்ததும் அதுவே. நால்வரில் மூவர் தண்டனைக் குறைப்புக் கோரி மனு அளித்தனர். முதலில் வந்த என்ஒய்கே முழு விலக்குப் பெற்றது. மிட்சுயிக்கு 50 சதவீதக் குறைப்பு. அது செலுத்த வேண்டியது 10.12 கோடி ரூபாய். நிசான் மோட்டார் கார் கேரியருக்கு 30 சதவீதம் குறைத்த பிறகும் 28.69 கோடி ரூபாய். மனு செய்யாத கே லைனுக்கு 24.23 கோடி ரூபாய். மொத்தம் 63 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம்.

இந்த ஓட்டப்பந்தயம் இந்தியாவில் மட்டும் நடந்ததல்ல. 2012 செப்டம்பரில் ஜப்பான், அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விசாரணையில் இறங்கினர். ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் 2014 மார்ச்சில் சுமார் 2,270 கோடி யென் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் கே லைன் 6.77 கோடி டாலரும், என்ஒய்கே 5.94 கோடி டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஆணையம் 2018 பிப்ரவரியில் நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 39.5 கோடி யூரோ விதித்தது.

இவற்றில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் முதலில் சென்று உண்மையைச் சொன்னது மிட்சுயி. ஐரோப்பாவில் மட்டும் சுமார் 20.3 கோடி யூரோ அபராதத்திலிருந்து அது தப்பியது. ஆனால், தில்லியில் முந்திக்கொண்டது என்ஒய்கே. அங்கே கட்டணம் கட்டியவர் இங்கே இலவசமாகச் சென்றார். அங்கே இலவசமாகச் சென்றவர் இங்கே பாதிக் கட்டணம் கட்டினார். ஒவ்வொரு நாட்டின் வாசலிலும் பந்தயம் புதிதாகத் தொடங்குகிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒத்துழைப்பு எல்லாமே குற்றமா?: கப்பல் நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. கப்பல் கட்டும் செலவு, கடன் வட்டி, மாலுமிகள் ஊதியம் எல்லாம் சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகும் செலவுகள். கப்பல் புறப்பட்டுவிட்டால் காலியாகப் போகும் இடத்துக்கு மதிப்பே இல்லை. எனவே, கடைசி நேரத்தில் எவ்வளவு குறைந்த கட்டணத்துக்கும் ஏற்றத் தோன்றும். எல்லோரும் அப்படிச் செய்தால் எல்லோரும் மூழ்குவார்கள். உலகின் முன்னணிக் கன்டெய்னர் கப்பல் நிறுவனங்களில் ஒன்றாக இருந்த தென் கொரியாவின் ஹன்ஜின் 2016 ஆகஸ்டில் திவாலாகி, அதன் கப்பல்கள் துறைமுகங்களுக்குள் நுழைய முடியாமல் கடலில் நின்றதை வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய செய்தியல்ல. வ.உ. சிதம்பரனார் 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கதை, ஆட்டக் கோட்பாடு பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அதன் பாடம். தூத்துக்குடி - கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. பிறகு வெள்ளையர் கம்பெனி இலவசப் பயணத்துடன் குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஏராளமான வழிகளில் கப்பல் விட்ட கம்பெனிக்கு ஒரு வழியில் நஷ்டம் பொருட்டல்ல. ஒரே வழியை நம்பிய கம்பெனிக்கு அதுவே உயிர். 1908-இல் சிதம்பரனார் சிறை சென்றார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

புணே மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. இம்மாவட்டத்தில் உள்ள வால்சந்த்நகருக்குப் பெயர் தந்த தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியவர்களுடன் சேர்ந்து தொடங்கிய சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் 1919 ஏப்ரல் 5-இல் மும்பையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாள்தான் இன்று தேசிய கடல்சார் தினம். சிந்தியாவும் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கட்டண யுத்தத்தைச் சந்தித்தது. ஆனால் மூழ்கவில்லை; 1923-இல் உடன்பாட்டுக்கு வந்தது. கடலோர வணிகத்தோடு நிற்க வேண்டும், கப்பல் கொள்ளளவு 75,000 டன்னைத் தாண்டக் கூடாது என்று பத்தாண்டுகளுக்குக் கையைக் கட்டும் உடன்பாடு அது. வீழ்த்த முடியாத எதிராளியுடன் வலியவர் பேரம் பேசுகிறார், வீழ்த்தக்கூடியவருடன் பேசுவதில்லை. தூத்துக்குடிக்கும் மும்பைக்கும் இருந்த வேறுபாடு இவ்வளவுதான்.

கட்டண யுத்தத்துக்கு மாற்றாகக் கப்பல் முதலாளிகள் கண்டுபிடித்த வழியும் இந்தியாவைச் சுற்றியே பிறந்தது. 1875-இல் பிரிட்டன் - கல்கத்தா வழியில் ஓடிய கம்பெனிகள் ஒன்றுகூடி ஒரே கட்டணத்தை நிர்ணயித்தன. உலகின் முதல் கப்பல் கட்டணக் கூட்டமைப்பாக அது கருதப்படுகிறது. இத்தகைய கூட்டமைப்புகளுக்கு ஐரோப்பா அளித்து வந்த சட்ட விலக்கு 2008 அக்டோபரில்தான் முடிவுக்கு வந்தது.

அவற்றின் இடத்தில் இப்போது இருப்பவை கூட்டணிகள். ஒரே கப்பலில் பல நிறுவனங்கள் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். கட்டணத்தை மட்டும் தனித்தனியே நிர்ணயிக்க வேண்டும். மெர்ஸ்க் - எம்எஸ்சி கூட்டணி 2015-இல் தொடங்கி 2025 ஜனவரியில் கலைந்தது. அடுத்த மாதமே மெர்ஸ்க், ஹபாக் லாயிடுடன் கைகோத்தது. பங்காளிகள் மாறினாலும் ஆட்டம் நிற்பதில்லை. இவ்வகை ஏற்பாட்டால் பாதிக் காலியாகப் போகும் இரு கப்பல்களுக்குப் பதில் நிறைந்த கப்பல் ஒன்று போகும், எரிபொருள் மிச்சம், சிறிய துறைமுகத்துக்கும் வாரம் ஒரு கப்பல் கிடைக்கும். இதனால் சரக்கு அனுப்புவோருக்கும் ஆதாயமே. ஆனால், இடத்தைப் பகிரக் கூடும் மேசையில் விலையைப் பற்றிப் பேச ஒரு வாக்கியம் போதும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். என்ஒய்கே, மிட்சுயி, கே லைன் ஆகிய அதே மூன்று நிறுவனங்கள்தான் தங்கள் கன்டெய்னர் கப்பல் தொழிலை வெளிப்படையாக இணைத்து, 2018 ஏப்ரல் முதல் ஓஷன் நெட்வொர்க் எக்ஸ்பிரஸ் என்ற ஒரே நிறுவனமாக நடத்தி வருகின்றன. கார் கப்பல்களில் ரகசியமாகச் சேர்ந்தது குற்றம். கன்டெய்னர் கப்பல்களில் பகிரங்கமாக ஒன்றானது சட்டபூர்வம். தென் ஆப்பிரிக்காவின் போட்டி ஆணையம் மட்டும் 2017-இல் இந்த இணைப்பை முதலில் மறுத்தது. கன்டெய்னரில் ஒன்றாக அமர்பவர்கள் கார் கப்பலைப் பற்றியும் பேச மாட்டார்களா என்பது அதன் கவலைகளுள் ஒன்று. பின்னர் நிபந்தனைகளுடன் அங்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கவலை மிகையானது என்று சொல்லிவிட முடியாது.

தில்லியின் கையில் இருப்பவை: மத்திய அரசும் இந்த இரண்டு வகை ஒத்துழைப்புக்கும் இடையே கோடு போட முயன்றது. கப்பல் இடப் பகிர்வு ஒப்பந்தங்களுக்குப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவிலிருந்து 2013 டிசம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. பலமுறை நீட்டிக்கப்பட்ட அது, 2018 ஜூலையில் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. விலை நிர்ணயம், கொள்ளளவைக் கட்டுப்படுத்துதல், வாடிக்கையாளர்களைப் பங்கிட்டுக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு விலக்கு பொருந்தாது என்பது நிபந்தனை. 'மரியாதை விதி' இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. ஐரோப்பிய யூனியன் கூட்டணிகளுக்குத் தந்திருந்த தனி விலக்கும் 2024 ஏப்ரல் 25-இல் முடிந்தது.

2023-இல் போட்டிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் ஆட்டத்தின் கணக்கை மேலும் மாற்றியுள்ளன. அபராதம் கணக்கிட உலகளாவிய விற்றுமுதலை எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டு, 2024 மார்ச் முதல் அமலுக்கு வந்துள்ளது. இந்திய வழிகளில் கிடைக்கும் வருமானம் சிறியது என்பதால் துணிந்து நடந்த பன்னாட்டு நிறுவனங்களுக்கு இது அச்சமூட்டும். ஒரு கூட்டுச்சதி வழக்கில் சிக்கியவர் வேறொரு கூட்டுச்சதியைக் காட்டிக் கொடுத்தால் முதல் வழக்கில் கூடுதலாக 30 சதவீதம் வரை குறைப்புப் பெறலாம் என்ற விதியும் 2024 பிப்ரவரியில் வந்துள்ளது. காட்டிக் கொடுக்கக் காரணங்கள் பெருகப் பெருக, கூட்டுச் சேரத் துணிவு குறையும் என்பது எதிர்பார்ப்பு.

ஆயினும், அபராதத் தொகை அரசின் கருவூலத்துக்குச் செல்கிறது. கூடுதல் கட்டணம் செலுத்தியவருக்கு அதில் ஒரு காசும் வராது. இழப்பீடு கோரித் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று சட்டத்தின் 53-என் பிரிவு கூறுகிறது. பெரிய கார் நிறுவனத்துக்கு அது இயலக்கூடும். கப்பல் கட்டணம் உயர்ந்ததால் ஏற்றுமதி விலையைக் காக்க, உதிரிபாகத்தின் விலையை இரண்டு சதவீதம் குறைத்துக்கொள்ளுமாறு ஆலை கேட்டால், மறுபேச்சின்றிக் குறைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கும் பட்டறை உரிமையாளர் எதைக் காட்டி இழப்பீடு கேட்பார்? கடலில் நடந்த கூட்டு அவருடைய ரசீதில் எழுதப்பட்டிருக்காது.

முறையீடு செய்வதற்கும் இப்போது கால வரம்பு உண்டு. 2023 திருத்தத்தின்படி, போட்டிக்கு எதிரான செயல் குறித்த தகவலை அதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஆணையத்திடம் அளிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். கார் கப்பல்கள் விவகாரத்தில், வெளிநாட்டில் விசாரணை தொடங்கியதற்கும் இந்தியாவில் உத்தரவு வந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.